ஜாப்பைக் கீழே போட்டுப் பாருங்கள்: எங்கள் ஷெட்டுக்கு எந்த ரோபாட்?

மேஜையில் மூன்று கோட்டேஷன் கிடந்தன. மூன்றிலும் முதல் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில், பிளஸ்-மைனஸ் இத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் எண். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதுல எது கம்மியோ அதத்தானப்பா வாங்கணும்?" என்றார். இல்லை என்று அவருக்குக் காரணத்தோடு சொல்ல எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தில் அளந்தவையும் அதில் எடுத்த முடிவும்தான் இந்தக் கட்டுரை. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களுக்கு உதவலாம்.

எங்கள் நிலவரம் இது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப். அலுமினிய டை காஸ்டிங், அதாவது உருக்கி வார்த்த உருப்படி, வெளியிலிருந்து வரும். சிஎன்சி லேத்தில், அதாவது கணினி ஓட்டும் கடைசல் இயந்திரத்தில், முகத்தைச் சமமாக்கி (ஃபேசிங்), துளையைக் கடைந்து (போரிங்), பிசிறு எடுத்து அனுப்புவோம். லேத்தில் ஏற்றிக் கடையும் உருப்படியைத்தான் ஜாப் என்போம். மொத்தம் 14 வகை ஜாப். இரண்டு வகை மாதம் முழுக்க ஓடும். மற்ற 12 வகையும் விருந்தாளி மாதிரி, முந்நூறு உருப்படி, ஐந்நூறு உருப்படி என்று வந்துவிட்டுப் போகும். பகல் ஷிஃப்ட்டுக்கு ஆள் உண்டு. இரவு ஷிஃப்ட்டுக்கு வில்லியனூர், திருக்கனூர் பக்கத்திலிருந்து வருகிற பையன்கள் ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூலன்ட் வாடையில் விடிய விடிய ஜாப்பைப் போட்டுப் போட்டு எடுக்கும் வேலையை நானே இரண்டு வருடம் பார்த்தவன்.

ஜாப்பைப் போட்டு எடுக்கும் அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்க எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று. லேத்தின் தலைக்கு மேலேயே தண்டவாளம் போட்டு இறங்கி ஏறும் கேன்ட்ரி லோடர் ஒன்று. வேலிக்குள் நிற்கும் ஆறு அச்சு ரோபாட், அதாவது ஆறு மூட்டில் திரும்பும் ரோபாட் கை, இன்னொன்று. தள்ளுவண்டியில் ஏற்றி வைத்த கோபாட், அதாவது ஆள் பக்கத்திலேயே நின்று வேலை செய்யத்தக்க ரோபாட், மூன்றாவது. நாலாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்: லேத்தை ஜாப்புக்குத் தகுந்தபடி அமைத்து ஓட்டும் எங்கள் செட்டர் அண்ணன். அவரை அளக்காமல் மற்றவற்றை அளந்தால் எதோடு ஒப்பிடுவது?

அந்தப் பிளஸ்-மைனஸ் எண்

எண் பொய்யில்லை. அது வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். ரோபாட்டின் திறனை அளக்க ஐஎஸ்ஓ 9283 என்று ஒரு தரநிலை உண்டு. 1998ஆம் ஆண்டுப் பதிப்பு. முழுப் பளுவைக் கையில் கொடுத்து, ஐந்து இடங்களுக்கு முப்பது முறை போய் வரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயர் ரிப்பீட்டபிலிட்டி. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை முப்பது தடவையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் பாக்கெட்டுக்கு நாலு விரல் தள்ளி இருக்கலாம். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் இந்த எண் சின்னதாகவே வரும். சொன்ன இடத்துக்குப் போனதா என்பது அக்யூரசி, அது தனிக் கணக்கு. காயை யாராவது நகர்த்திவிட்டால் என்ன செய்வான் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

வெளிப்படையாகக் கிடைக்கும் கையேடுகளிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். ஃபனுக் எம்-10ஐடி/12 ரகம் 12 கிலோ தூக்கும், ±0.02 மி.மீ. யூனிவர்சல் ரோபாட்ஸின் யூஆர்10இ 12.5 கிலோ, ±0.05 மி.மீ. (நாங்கள் சோதித்தவை இவையல்ல, அவற்றின் பெயர் இங்கே வேண்டாம்.) முதலாளியின் கணக்குப்படி முதலாவது ஜெயித்துவிட்டது. ஆனால் எங்கள் காஸ்டிங்கே ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வருகிறது. ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் லேத்தின் சக், மூடும்போது அதைத் தானே நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. அரை மில்லிமீட்டர் ஆடுகிற பொருளுக்கு 0.02க்கும் 0.05க்கும் உள்ள வித்தியாசம், கல்யாணச் சாம்பாருக்கு உப்பைத் தங்கத் தராசில் நிறுத்துப் போடுவது போல.

எங்களுக்கு வேண்டியது வளைந்து கொடுக்கிற குணம். அதை அளக்க முடியுமா என்று தேடியபோது, அமெரிக்காவின் நிஸ்ட் என்கிற தேசியத் தரநிலை நிறுவனம் இதே கேள்வியைப் பல வருடமாகக் குடைந்துகொண்டிருப்பது தெரிந்தது. அவர்கள் அதை நாலாகப் பிரிக்கிறார்கள். தப்பு நடந்தால் கண்டுபிடித்துச் சமாளிக்கிறதா? சுற்றி நிலைமை மாறினால் திட்டத்தைத் தானே மாற்றிக்கொள்கிறதா? பொருளை இடத்தில் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸர் இல்லாமல் அதைக் கையாளுமா? ஒரு கம்பெனி ரோபாட்டை எடுத்துவிட்டு வேறு கம்பெனி ரோபாட்டை வைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டுமா? 2017 முதல் ஏரியாக் என்ற போட்டியையும் நடத்துகிறார்கள், கணினிக்குள் கட்டிய ஒரு போலித் தொழிற்சாலையில். ரோபாட் பாதி வேலையில் இருக்கும்போது அவசர ஆர்டர் ஒன்று குறுக்கே வரும். கையிலிருந்து பொருள் நழுவும். சென்சார் கொஞ்ச நேரம் குருடாகும். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, அதிக விலைக்குச் சென்சார் வைத்தால் மதிப்பெண்ணில் அதுவும் செலவாகக் கணக்காகும் என்பது. காசை இறைத்துப் பெற்ற சாமர்த்தியத்துக்கு முழு மார்க் கிடையாது. முதலாளியிடம் இதைச் சொன்னபோதுதான் முதல்முறையாகத் தலையாட்டினார். 2022இல் ஐஈஈஈ 2940 என்று இந்த வளைந்து கொடுக்கிற குணத்தை அளக்கவே ஒரு தரநிலையும் வந்துவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் அவ்வளவு பெரிய ஏற்பாடு நடக்காது. கையில் இருந்தது ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு சாக்கு நிறைய எங்கள் சொந்த ஜாப். அதை வைத்துச் சில சோதனைகளை அமைத்துக்கொண்டோம்.

மாற்று நேரம்

பழைய ஜாப்பின் கடைசி நல்ல உருப்படியிலிருந்து புது ஜாப்பின் முதல் நல்ல உருப்படி வரை எத்தனை நிமிடம்? ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ டை மாற்றும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தாரே, அவர் வழியில் வந்த அளவுகோல்தான். 'நல்ல' என்ற சொல்லை விட்டுவிட்டால் சப்ளையர்கள் உங்களை ஏமாற்றிவிடுவார்கள். புரோகிராம் மாற்றிய நேரத்தை மட்டும் சொல்லி "அஞ்சு நிமிஷம் சார்" என்பார்கள். ஜாப்பைப் பிடிக்கும் ரோபாட் விரலை மாற்றுவது, ஜாப் அடுக்கிய ட்ரேயை மாற்றுவது, முதல் இரண்டு ஜாப் கோணலாக உட்கார்ந்து கழிவாவது எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்கு வெளியே.

எங்கள் வாட்ச்சில் செட்டர் அண்ணனுக்கு 20 நிமிடம். ("என்ன தம்பி, என்னையவே வாட்ச்ல அளக்கிறியா?" என்றார். அன்று வழக்கத்தைவிட வேகமாகச் செய்தார் என்பது என் சந்தேகம்.) கோபாட்டுக்கு 25. வேலிக்குள் நிற்கும் ஆறு அச்சு ரோபாட்டுக்கு 70. ஓசூரில் ஒரு பட்டறையில் ஓடும் கேன்ட்ரிக்கு ஐந்து மணி நேரம், அதுவும் கையோடு விரல் செட் தயாராக இருந்ததால்.

இதை மட்டும் பார்த்துக் கோபாட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜாப்பை மாற்றிப் போடும் வேகத்தில் வரிசை அப்படியே தலைகீழ். எங்கள் மெஷினிங் நேரம் 95 விநாடி. அதோடு கேன்ட்ரி 6 விநாடி சேர்க்கிறது, ஆறு அச்சு 10, கோபாட் 17, அண்ணன் நாள் சராசரியில் 20. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில், நடுவில் மாற்றமே இல்லையென்றால், கேன்ட்ரியில் 285 உருப்படி, ஆறு அச்சில் 274, கோபாட்டில் 257, அண்ணன் கையில் 250.

இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்குத்தான் எங்களுக்கு உருப்படியாக அமைந்தது. ஒரு மாற்றத்துக்கு ஆறு அச்சு இழப்பது 40 உருப்படி, கோபாட் இழப்பது 13. ஆகவே கோபாட்டுக்கு 27 உருப்படி லாபம். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் அது 17 உருப்படி பின்தங்குகிறது. 27ஐ 17ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை. ஒரு ஜாப் ஒன்றரை ஷிஃப்ட்டுக்கு மேல் தொடர்ந்து ஓடினால் வேலிக்குள் இருப்பது ஜெயிக்கும். அதற்குள் மாறினால் கோபாட். இதே வழியில் கேன்ட்ரிக்குப் போட்டால், ஒரே ஜாப் சுமார் 13 ஷிஃப்ட் ஓடினால்தான் அது ஆறு அச்சை முந்துகிறது. உங்கள் பட்டறையில் எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது. கோட்டேஷன் கேட்பதற்கு முன்பே இதைப் போட்டுவிடுங்கள். நாங்கள் பிறகுதான் போட்டோம்.

எங்கள் சின்ன ஆர்டர்கள் முந்நூறிலிருந்து ஐந்நூறு உருப்படி, அதாவது ஒன்றேகாலிலிருந்து இரண்டு ஷிஃப்ட் வரை. ஒன்றரை என்கிற கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வழியில்லை.

பத்துத் தப்பு

ஆகவே இரண்டாவது சோதனை. இதற்குத்தான் அதிக நாள் செலவழித்தேன். திரும்பச் செய்யச் சொன்னாலும் இதைத்தான் முதலில் செய்வேன். வேண்டுமென்றே பத்துத் தப்புகளை வைத்தோம். ட்ரேயில் ஒரு ஜாப்பைக் குப்புற வைப்பது. ஒரு குழியைக் காலியாக விடுவது. வேறு ரக ஜாப் ஒன்றைக் கலப்பது. போகும் வழியில் கையிலிருந்து தட்டிவிடுவது. காற்றழுத்தத்தைக் குறைப்பது. ட்ரேயைக் கொஞ்சம் நகர்த்துவது. சக் முகத்தில் உலோகச் சீவல் ஒட்டியிருப்பது. முடிந்த ஜாப் சக்கிலேயே சிக்கியிருப்பது. லேத் கதவு முழுக்கத் திறக்காதது. கடைசியாக, நம்மூருக்கே உரியது, நடுவில் மெயினை அணைப்பது.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விதமான முடிவு உண்டு. கவனித்துத் தானே சமாளித்தது, கவனித்து நின்றுவிட்டது, கவனிக்காமலே ஓடியது. இந்த மூன்றாவதுதான் இரவில் கொல்லும். குப்புற வைத்த ஜாப்பைக் கவனிக்காமல் சக்கில் கொடுத்தால் டூல் போய் மோதும். காலையில் வந்து பார்த்தால் ரோபாட் பாட்டுக்கு உடைந்த டூலுக்கு ஜாப் ஊட்டிக்கொண்டிருக்கும்.

அண்ணன் பத்தில் ஒன்பதைக் கண்டுபிடித்துச் சமாளித்தார். சக் சீவலை மட்டும் தவறவிட்டார், கண்ணாடி போட மாட்டேன் என்கிறார். ஆறு அச்சு ரோபாட் ஆறைக் கவனித்தது. அவற்றில் இரண்டைத் தானே சமாளித்தது, நான்கில் நின்று விளக்கைப் போட்டது. மீதி நான்கு கண்ணில் படவேயில்லை. கோபாட் கவனித்தது ஐந்து, சமாளித்தது மூன்று. கவனிக்காதது ஐந்து! விளம்பரப் படத்தில் ஆளோடு சிரித்துக்கொண்டு நிற்கிற அதே கோபாட்தான். ஓசூர் கேன்ட்ரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். ஏழு தப்புதான் வைக்க முடிந்தது, மூன்றைக் கவனித்தது.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. கோபாட்டின் கிரிப்பர், அதாவது ஜாப்பைப் பிடிக்கும் விரல் பகுதி, மின்சாரத்தில் ஓடுவது. எவ்வளவு அகலத்தில் விரல் நின்றது என்று அதனால் சொல்ல முடியும். அந்த எண்ணை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஐடிஐ பையன் புரோகிராமில் நாலு வரி சேர்த்து, அகலம் இந்த அளவுக்குள் இல்லையென்றால் ஜாப்பை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ என்று எழுதினான். ட்ரே மேல், பொருள் கிட்டே இருக்கிறதா என்று சொல்லும் சாதாரண ப்ராக்ஸிமிட்டி சென்சார் ஒன்றைப் பொருத்தினோம். மறுபடி ஓட்டினால் பத்தில் எட்டைக் கவனித்தது, ஆறைச் சமாளித்தது. கை அதே கைதான். ஆறு அச்சு ரோபாட்டில் காற்றுக் கிரிப்பர், திறந்தது-மூடியது என்ற இரண்டு சேதி தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. அதிலும் கிரிப்பரை மாற்றினால் மதிப்பெண் கூடும், சந்தேகமில்லை. சப்ளையர் அதற்குத் தனிக் கோட்டேஷன் தருவதாகச் சொன்னார்.

மெயினை அணைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவரின் பட்டறையில் பழைய ரோபாட் ஒன்று. மூட்டுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதை மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு சின்ன பேட்டரிதான் காப்பாற்றும். அது ஏற்கெனவே ஆயுள் முடிந்த பேட்டரி. கரன்ட் வந்தபோது ரோபாட்டுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மறுபடி எல்லா அச்சுக்கும் பூஜ்யம் பிடித்து, கற்றுக்கொடுத்த இடங்களையெல்லாம் சரிபார்க்க நாள்கணக்கில் ஆயிற்று. வாங்குமுன் அந்தப் பேட்டரி எங்கே இருக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள்.

சொல்லாத ஜாப்

மூன்றாவதாக, சப்ளையர்களுக்கு முன்கூட்டியே காட்டாத ஒரு ஜாப்பைச் சாக்கிலிருந்து எடுத்து வைத்தோம். கோபாட்டை எங்கள் ஷெட்டுக்கே நாலு நாள் கொண்டுவந்திருந்தார்கள். கையைப் பிடித்து நகர்த்தியே எங்கள் பையன் 3 மணி 40 நிமிடத்தில் முதல் நல்ல உருப்படியை எடுத்தான். ஆறு அச்சு ரோபாட்டில், சென்னை டெமோ அறையில், அவர்கள் எஞ்சினியர் டீச் பெண்டன்ட்டை (ரோபாட்டுக்குக் கற்றுக்கொடுக்கும் கைப்பெட்டியை) வைத்து இரண்டே மணி நேரத்தில் முடித்தார். தாளில் எந்த எண்ணை எழுதுவது? அந்த எஞ்சினியர் சென்னையில் இருக்கிறார். திங்கட்கிழமை போன் போட்டால் வியாழக்கிழமை வருவார். நான் 'மூன்று நாள்' என்று எழுதினேன். சப்ளையருக்கு வருத்தம். எங்கள் ஆளுக்கும் பெண்டன்ட் பயிற்சி கொடுத்தால் இது குறையும் என்றார். அதுவும் நியாயம்தான், ஆனால் பயிற்சி பெற்ற பையன் ஒரகடத்துப் பெரிய ஆலைகளுக்குப் போய்விடுவான் என்கிற பயமும் எங்களுக்கு நியாயம்தான்.

விரல் செய்யும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் அலுமினியத்தில் புது விரல் கடைய ஒரு முழு நாள் ஆயிற்று. ரோபாட்டின் சாமர்த்தியத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கடைசியில் விரல் கடைகிற லேத்காரரின் கையில்தான் பாதி இருக்கிறது.

கேமரா வைத்தால் ட்ரே, குழி எதுவுமே வேண்டாம், கூடையில் கொட்டிவிடலாம் என்று ஒரு சப்ளையர் ஆசை காட்டினார். காலை எட்டு மணிக்கு அருமையாக எடுத்தது. பத்து மணிக்குக் கூரையின் பிளாஸ்டிக் ஷீட் வழியாக வெயில் நேரே கூடையில் இறங்கியது, அலுமினியம் பளபளத்தது, கேமராவுக்குக் கண் கூசி அரை மணி நேரம் ஒன்றையும் எடுக்கவில்லை. மறைப்புக் கட்டலாம். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வேலி வேண்டாமா?

கோபாட் என்றால் வேலி தேவையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 உடம்பை 29 இடமாகப் பிரித்து, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம், விசை வரை பொறுக்கலாம் என்று எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணுக்குள் நிற்கத்தான் கோபாட் மெதுவாகப் போகிறது. அந்த 17 விநாடியின் ரகசியம் இதுதான். ஆனால் பார்க்க வேண்டியது கையை மட்டுமல்ல, கையில் பிடித்திருப்பதையும் சேர்த்துத்தான். எங்கள் காஸ்டிங்கின் ஓரம் பிளேடு மாதிரி. எவ்வளவு மெதுவாக வந்து உரசினாலும் கிழிக்கும். ஆகவே கோபாட்டுக்கும் ஆள் கிட்டே வந்தால் நிறுத்தும் ஏரியா ஸ்கேனர் வைத்தாக வேண்டும். அதன் விலையைக் கோட்டேஷனில் சேர்த்தபோது கோபாட்டுக்கும் வேலிக்காரருக்கும் இருந்த விலை இடைவெளி நன்றாகவே சுருங்கியது. ஒரு சின்ன நன்மை: ஆள் இல்லாதபோது ஸ்கேனர் அனுமதித்தால் கோபாட்டையும் கொஞ்சம் வேகமாக ஓட்டலாம்.

ஒரு லேத்திலிருந்து இன்னொரு லேத்துக்கு வண்டியைத் தள்ளிப் போய் ஓட்ட 35 நிமிடம் ஆனது. இரண்டாவது லேத்துக்கு முன்பே ஒயரிங் செய்து, தானே திறக்கும் கதவும் போட்டிருந்ததால். மற்ற இரண்டுக்கும் நகர்வது என்ற பேச்சே இல்லை.

எங்கள் முடிவு

கோபாட். எண்ணிக்கையில் அது ஜெயிக்கவில்லை என்பதை மேலே பார்த்தீர்கள். தப்பைக் கவனிக்கும் கணக்கை எங்கள் ஆளே ஐந்திலிருந்து எட்டுக்கு உயர்த்த முடிந்தது, சென்னைக்குப் போன் போடாமல். ஆளில்லாத இரவு ஷிஃப்ட்டுக்கு அதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. மாதம் முழுக்க ஓடும் இரண்டு ஜாப்பும் பகலில் அண்ணனிடமே இருக்கும். கணக்குப்படி அவற்றுக்குக் கேன்ட்ரிதான் சரி. முதலாளிக்கு அதில் இன்னமும் ஒரு கண் உண்டு. ஆனால் அந்த ஜாப் இரண்டும் ஒரே வாடிக்கையாளருடையவை. அவர்கள் நாளை டிராயிங்கை மாற்றினால் கேன்ட்ரி தலைக்கு மேல் விட்டம் மாதிரி கிடக்கும்.

எல்லோருக்கும் இதே பதில் இல்லை. கடலூர் சிப்காட்டில் நண்பர் ஒருவர், 25 கிலோ மூட்டையை நாள் முழுக்கப் பலகை மேல் ஒரே மாதிரி அடுக்க வேண்டும். அவர் மாற்று நேரம் என்ற சொல்லையே மறந்துவிட்டு, வேலி போட்ட ஆறு அச்சை வாங்கட்டும். உப்புக்காற்றுக்குக் கன்ட்ரோல் பெட்டியை மட்டும் நன்றாக மூடி வைக்கட்டும். ஒரே பாகத்தை வருடக்கணக்கில் செய்கிறவருக்குக் கேன்ட்ரியை மிஞ்ச எதுவும் கிடையாது. ரோபாட்டின் பழைய கதையும் அதுதானே. 1961இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் செய்ததும் சூடான டை காஸ்டிங்கை எடுத்து வைக்கிற ஒரே வேலைதான்.

பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம். அதில் ±க்கு இடமில்லை. எங்கள் ஷெட்டில், எங்கள் ஆள் ஓட்டி, மாற்று நேரம் 30 நிமிடத்துக்குள். பத்துத் தப்பில் கவனிக்காமல் ஓடுவது இரண்டுக்கு மேல் கூடாது. நாங்கள் அன்றைக்குச் சாக்கிலிருந்து எடுக்கும் ஜாப்பை ஒரே ஷிஃப்ட்டில் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை பத்து சதவீதப் பணம் எங்களிடம் இருக்கும். சப்ளையர் கையெழுத்துப் போடுமுன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பத்துத் தப்பு என்னென்னன்னு முன்னாடியே குடுத்துடுவீங்களா சார்?"

எட்டை மட்டும் கொடுத்திருக்கிறேன். மீதி இரண்டை அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார்.